காக்கைக் கறியும் ஒரு தகராறும்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் போகிறவர்கள் ஏரியையும் படகையும் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன், சொல்ல ஒன்றுமில்லை. யேர் ஆற்றோரக் கிராமத்தில் தங்கிய வீட்டில், காலைச் சாப்பாட்டு மேசையில் மூண்ட தகராறுதான் மறக்கவில்லை.

தகராறு ரூக் என்ற காக்கையைப் பற்றி. நம் ஊர்க் காக்கையைவிடச் சற்றே பெரியது. கழுத்தில் சாம்பல் கிடையாது. உடம்பெல்லாம் கறுப்பு, வெயில் பட்டால் ஊதா மினுங்கும். தொடையிறகு தொளதொளவென்று தொங்கும். அலகைச் சுற்றி மட்டும் இறகே இல்லாமல், சுண்ணாம்பு தடவியதுபோல் வெளிறிய தோல். எனக்கு அந்த முகம் பிடிக்கவேயில்லை. ஏதாவது நோயா என்று கேட்டேன்.

"வயது. குஞ்சுக்கு முகத்தில் இறகு இருக்கும், அப்புறம் உதிர்ந்துவிடும்" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

முட்டை கொடுக்க வந்திருந்த பக்கத்துப் பண்ணைக்காரர் விடவில்லை. "திருட்டுக் கழுதைகள். விதைத்த தானியத்தைத் தோண்டித் தின்கின்றன."

"பயிரின் வேரைக் கடிக்கும் புழுக்களைத் தின்பது யார், நீங்களா?"

இருவர் சொன்னதும் உண்மை. மண்ணுக்குள் அலகைச் செருகி மண்புழு, பூச்சிப்புழு எல்லாம் எடுக்கும். தானியம் கிடைத்தால் அதையும் விடாது. இந்த வழக்கு பழசு. ரூக் குஞ்சுகளைப் பறக்கவிட்டால் கூடிருந்த மரம் அரசருக்குப் போய்விடும் என்று 1424-இல் ஸ்காட்லாந்தில் சட்டமே போட்டார்கள்.

பண்ணைக்காரர் அடுத்துச் சொன்னதில்தான் எனக்கு ரொட்டி இறங்கவில்லை. மே நடுவில், பறக்கத் தெரியாமல் கிளையில் உட்கார்ந்திருக்கும் குஞ்சுகளைச் சுட்டு, நெஞ்சுக் கறியை மட்டும் எடுத்து அவருடைய பாட்டி 'பை' என்ற மாவுப் பண்டம் செய்வாராம்.

"எங்கள் வீட்டில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். முன்னோர்கள் அந்த உருவில் வருவதாக நம்பிக்கை" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

அவர் யோசித்தார். "உங்கள் முன்னோர்கள் விதைநெல்லைத் தொடுவார்களா?"

அம்மாள் சிரித்துவிட்டார். எனக்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

எரிச்சலோடு தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மரங்களுக்குப் போனேன். மார்ச் மாதம், இலையில்லாத உச்சிக்கிளைகளில் கூட்டுக்குக் கூடு ஒட்டிய ஒரு முழுத் தெரு. பெட்டை அடைகாக்க, சேவல் தொண்டைப் பையில் இரை கொண்டுவந்து ஊட்டுகிறது. ஒரு கூட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரன் குச்சியை உருவுகிறான். பறிகொடுத்தவன் வந்து ஊரைக் கூட்டுகிறான். சற்று நேரத்தில் அவனும் வேறொரு கூட்டில் கைவைக்கிறான். எரிச்சல் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

பானைக்குள் கல் போட்டுத் தண்ணீர் குடித்த காக்கையை நமக்குக் கதையாகத்தான் தெரியும். 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தண்ணீர்க் குழாயில் புழுவை மிதக்கவிட்டபோது, ரூக்குகள் கல்லைப் போட்டு மட்டத்தை உயர்த்தி அதை எடுத்தன. திருட்டு விஷயத்தில் பண்ணைக்காரர் சொன்னது சரி. ஆனால் இவ்வளவு மூளையுள்ள திருடனைப் பைக்குள் வைத்து வேகவைப்பது அநியாயம்.

பார்க்க நினைப்பவர்கள் மார்ச்சிலேயே போய்விடுங்கள். ஏப்ரல் கடைசியில் இலை துளிர்த்துக் கூடுகளை மறைத்துவிடும்.