நாலு மணி நேரத் தூரம்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள். போகும்போது ஆறரை மணி நேரம் மாதிரித் தெரியும், வரும்போது ஒன்றரை. கிளம்பும் நேரத்தைக் கிளம்புகிற ஊர்க் கடிகாரப்படியும், இறங்கும் நேரத்தை இறங்குகிற ஊர்க் கடிகாரப்படியும் போடுவதால் வரும் மாயம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முந்தி. (ஜூலை, ஆகஸ்டில் வரும்போது நிஜமாகவே கொஞ்சம் மிச்சமாகலாம். தென்மேற்குப் பருவத்தில் நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு காற்று ஓடுகிறது. கோடேஸ்வரம் என்கிற நம்மூர் வானிலை விஞ்ஞானி 1958-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார்.)

இந்தக் கணக்கெல்லாம் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு சாவு வீட்டில் எடுபடவில்லை. சில வருஷங்களுக்கு முன் நண்பரின் பெரியப்பா காலை எட்டரைக்குப் போய்விட்டார். ஒரே மகன் சிங்கப்பூரில், கட்டட வேலை. வருகிறவர்கள் எல்லாரும், 'எப்ப எடுக்கிறாங்க?' என்று கேட்டார்கள். திண்ணையில் இருந்த பெரியவர், 'நாலு மணி நேரம்தானேப்பா, மத்தியானம் வந்துட மாட்டான்?' என்றார்.

செய்தி போனபோது அங்கே மணி பதினொன்று. பையன் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். இறங்கி, சூப்பர்வைசரிடம் லீவு கேட்டு, அறைக்காரர்களிடம் பணம் புரட்டி, டிக்கெட் தேடினால் அன்றைக்கு இடமில்லை. மறுநாள்தான். இங்கே ஐஸ் பெட்டி வந்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு ஜெனரேட்டரும். பெட்டியின் கண்ணாடி வேர்க்க வேர்க்க, ராத்திரி முழுக்கப் பெரியம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

'மேட்டூர் தண்ணி வந்து சேர்ற மாதிரியில்ல ஆயிடுச்சு' என்றார் திண்ணைப் பெரியவர். விவசாயி. அவருக்குத் தூரம் என்றால் அதுதான். 2021-ல் மேட்டூரைத் திறந்தது ஜூன் 12, கல்லணையைத் திறந்தது ஜூன் 16. அப்புறம்தான் இந்த ஊர்ப் பக்கம், காவிரியிலும் குடமுருட்டியிலுமாக.

அவரே இன்னொன்றும் சொன்னார். அவருடைய சித்தப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவராம். ஒரு வாரம் போலப் பயணம். (1973 வரை ஓடிய கப்பல்.) 'எங்க தாத்தா செத்தப்ப தந்தி குடுத்துட்டு அன்னிக்கே எடுத்துட்டோம். சித்தப்பா அங்கேயே மொட்டை போட்டுக்கிட்டாரு.' ஒரு வாரத் தூரத்தில் இருந்தவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. நாலு மணி நேரம் என்றதும் யாருக்கும் விட மனசு வரவில்லை.

மறுநாள் சாயந்திரம் நாலரைக்குப் பையன் வந்து இறங்கினான். ஏர்போர்ட்டிலிருந்து ஊர் நாற்பது கிலோமீட்டருக்குள்தான், அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆக மொத்தம் முப்பத்திரண்டு மணி நேரம். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று எல்லாரும் அவசரப்படுத்தியதில், அப்பா பக்கத்தில் அவன் உட்கார்ந்தது அரை மணி நேரம் இருக்கலாம்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது பெரியவர் கேட்டார்: 'லீவு எத்தனை நாளுப்பா?'

'அஞ்சு நாள், தாத்தா.'

பதினாறாம் நாள் காரியத்தை யார் செய்வது என்று பங்காளிகள் பேச ஆரம்பித்தார்கள்.