சிவந்த சாறு

புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் மாட்டிறைச்சி என்றால் பெரும்பாலும் ஆணந்தான். எலும்பிலிருந்து சதை கழன்று வரும்வரை அடுப்பிற் கிடக்கும் அந்த ஆணத்துக்கு அவசரம் என்பது தெரியாது. அத்தகைய அடுக்களை ஒன்றில், வளைகுடா நாட்டு ஹோட்டலொன்றின் சமையற்கூடத்தில் எட்டாண்டுகள் பணியாற்றித் திரும்பிய இளைஞன் ஒருவன், தன் தாய்க்குச் 'சேர்லோயின் ஸ்டேக்' சமைத்துக் கொடுக்க விரும்பினான். ஆறு நிமிடத்தில் முடியவேண்டிய அக்காரியம் ஒரு பிற்பகலையே விழுங்கிவிட்டது.

முதல் இடர் இறைச்சிக்கடையிலேயே தோன்றியது. எலும்போடு, எலும்பில்லாமல் என்னும் இரு சாதிகளே அங்கு வழக்கு. 'அண்டர்கட்' என்றால் கடைக்காரர் அறிவார். அது முதுகெலும்புக்குக் கீழே கிடப்பது. இவன் வேண்டியதோ மேலே உள்ளது. சேர்லோயின் என்னும் பெயரும் 'இடுப்புக்கு மேல்' எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்ததே. ஆங்கிலேய அரசன் ஒருவன் அத்துண்டின் சுவையில் மயங்கி அதற்குச் 'சேர்' பட்டம் சூட்டினான் என்பது வெறுங்கதை. இறுதியில் அவன் தன் முதுகையே தொட்டுக் காட்டவேண்டியதாயிற்று. விலா முடியுமிடத்துக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் அத்தசை காற்றசைகளைப்போல் உழைப்பதில்லை. ஆதலால் அது மென்மையானது.

ஓர் அங்குலக் கனத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுவித்து வந்து, கல்லுப்பைப் பொடித்து இருபுறமும் தூவி, ஒரு மணிநேரம் வைத்தான். உப்பு முதலில் இறைச்சியின் நீரை வெளியே இழுக்கும். பின்னர் அந்நீரிற் கரைந்து உள்ளே இறங்கும். மேலே எஞ்சிய ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்தான். இவ்விடத்திலேதான் பலர் தவறுகின்றனர். ஈரம் உள்ளவரை மேற்பரப்பின் வெப்பம் நீரின் கொதிநிலையான 100 பாகையைத் தாண்டாது; அப்போது இறைச்சி வேகுமேயன்றிப் பொரியாது. புரதமும் வெல்லமும் கூடிப் பொன்னிறமும் மணமும் தரும் மாற்றம், ஏறத்தாழ 140 பாகைக்கு மேலேதான் விரைந்து நிகழும். லூயி கமில் மையார் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1912இல் அதனை விவரித்தார். சுடுவதால் மேற்பரப்பு அடைபட்டுச் சாறு உள்ளேயே தங்கும் என்று, 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் லீபிக் கொண்ட கொள்கை பிழையானது. தாச்சியில் ஓயாது எழும் 'சுர்' என்னும் ஓசையே, சாறு வெளியேறிக்கொண்டிருப்பதற்குச் சான்றாகும்.

இரும்புத் தாச்சி புகைந்தது. பக்கத்துக்கு மூன்று நிமிடம். பின் தட்டில் ஐந்து நிமிட ஓய்வு. கத்தியை வைத்ததும் நடுவில் இளஞ்சிவப்புத் தெரிந்தது. தட்டிற் செந்நீர் பரந்தது.

"என்ன மகன் இது, ரத்தம் வடியுது?" என்றார் தாய்.

"ரத்தமில்லை உம்மா."

அவன் கூறியது உண்மை. அறுக்கும்போதே இரத்தத்தின் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது. தட்டில் நின்றது, தசைக்குள் ஒட்சிசனைச் சேமிக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீர். ஏறத்தாழ 60 பாகையைத் தாண்டும்போது அதன் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். மார்க்கம் விலக்குவது வழிந்தோடும் இரத்தத்தையே. அறுத்தபின் தசையில் எஞ்சும் செந்நிறம் அதில் அடங்காது என்பதே சட்ட அறிஞர் பலரின் முடிபு. இவையெல்லாம் அவன் சொன்னான். தாய் மறுக்கவில்லை, உண்ணவுமில்லை. ஆயுள் முழுதும் இறைச்சியைச் செந்நீர் போகும்வரை அலசிய கைகளுக்கு விஞ்ஞானம் ஒரு பிற்பகலில் விளங்கிவிடுமா?

அவன் தன் துண்டை வாயிலிட்டான். மெல்ல மெல்ல, அது மென்றுகொண்டே இருக்கவேண்டியதாயிற்று. ஹோட்டலில் அவன் சுட்டது, தீனியிட்டுக் கொழுக்கவைத்த இளங்காளைகளின் இறைச்சி. இது வரண்ட நிலத்துப் பற்றைகளை மேய்ந்து முதிர்ந்த நாட்டுமாடு. வயதேற ஏறத் தசையைப் பிணைக்கும் இணைப்பிழையம் இறுகும். நீரில் மணிக்கணக்காக வேகும்போதே அது கூழாகக் கரையும். ஆணத்தின் நெடும்பொறுமை அறியாமையின் விளைவன்று. அந்த மாட்டை அறிந்தவர்கள் கண்ட வழியே அது. வெட்டு மட்டும் சரியாயிருந்தாற் போதும் என்று நம்பியது அவனுடைய பிழை.

தாய் அவன் முகத்தைப் பார்த்தார். பின் தன் துண்டின் கருகிய ஓரத்தைச் சிறிதளவு கிள்ளி வாயிலிட்டார்.

"ஓரம் நல்லாத்தான் இருக்கு. என்ன உப்பு போட்டீங்க?"

"எங்கட பாலாவி உப்புத்தான் உம்மா."

அவர் மீதியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெங்காயமும் இரம்பையும் தாளித்த மணம் சிறிது நேரத்தில் முற்றம்வரை வந்தது.