ஒரே உயரத்தில் இரு கல்லறைகள்

வியன்னாவிலிருந்து மேற்கே சுமார் 100 கி.மீ. டான்யூப் நதியின் வடகரைக்கு மேலே, மேட்டு நிலத்தில் ஏழு கோபுரங்களுடன் வெள்ளை வெளேரென்று நிற்கிறது ஆர்ட்ஸ்டெட்டன் மாளிகை. கோபுர உச்சிகளில் வெங்காய வடிவக் குமிழ்கள். சுற்றிலும் பரந்த பூங்கா. ஆனால் பயணிகளை இங்கே இழுப்பது மாளிகையை ஒட்டிய தேவாலயத்தின் கீழே உள்ள நிலவறை. அங்கே அருகருகே இரண்டு கல் பேழைகள். ஒன்றில் ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து வாரிசு ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட். மற்றொன்றில் அவருடைய மனைவி சோஃபி.

இரண்டு பேழைகளும் ஒரே உயரம். இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். உயிரோடு இருந்தவரை வியன்னா அரண்மனை சோஃபிக்குத் தராத இடம் அது.

சோஃபி சாதாரணக் குடும்பத்துப் பெண் அல்ல. 1868இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தவர். பொஹிமியாவின் பழமையான கோடெக் பிரபு வம்சம். தந்தை பேரரசின் தூதர். வம்சம் பெரிதே தவிர, வசதி அவ்வளவாக இல்லை. ஆகவே சோஃபி, ஆர்ச்டியூக் ஃப்ரெட்ரிக்கின் மனைவி இசபெல்லாவிடம் தோழிப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீடு இன்றைய ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் இருந்தது.

அங்கே அடிக்கடி வந்துபோனார் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட். 1893இல் இந்தியாவுக்கு வந்து புலி வேட்டையாடிப் போனவர் இவர்தான். தன் மூத்த மகளைப் பார்க்கத்தான் வருகிறார் என்று இசபெல்லா நம்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் டென்னிஸ் மைதானத்தில் மறந்து விட்டுப்போன கைக்கடியாரப் பதக்கத்தைத் திறந்தபோது உள்ளே இருந்தது சோஃபியின் படம் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, விஷயம் வெளியே வந்தது. சோஃபியின் வேலை போனது.

குலம் பார்த்துப் பெண் எடுப்பது ஹாப்ஸ்பர்க் வம்சத்தில் வெறும் வழக்கமல்ல, குடும்பச் சட்டம். ஆளும் வம்சங்களிலும் அதற்குச் சமமென ஏற்கப்பட்ட சில குடும்பங்களிலும்தான் சம்பந்தம் செய்யலாம். கோடெக் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லை. பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசஃப் பிடிவாதமாக மறுத்தார். அண்ணன் மகன் இன்னும் பிடிவாதமாக நின்றார். இல்லை, தம்பி மகன். பேரரசரின் ஒரே மகன் ருடால்ஃப் 1889இல் தற்கொலை செய்துகொண்டதால்தான் அவர் வாரிசு வரிசையில் முன்னுக்கு வந்தார். கடைசியில் பேரரசர் இறங்கி வந்தார், கடுமையான நிபந்தனையோடு. 1900 ஜூன் 28 அன்று வியன்னா ஹோஃப்பர்க் அரண்மனையில் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் சத்தியம் செய்து கையெழுத்திட்டார்: மனைவி பேரரசி ஆக மாட்டார், பிள்ளைகளுக்கு மகுடத்தில் உரிமை இல்லை. மூன்று நாள் கழித்து பொஹிமியாவில் திருமணம். பேரரசர் வரவில்லை. மாப்பிள்ளையின் சகோதரர்களும் வரவில்லை. சிற்றன்னை மரியா தெரசாவும் அவருடைய இரு மகள்களும் மட்டும் வந்தார்கள்.

சோஃபிக்கு ஹோஹன்பெர்க் என்ற புதிய பட்டம் கிடைத்தது. மரியாதைதான் கிடைக்கவில்லை. அரண்மனை விழாக்களில் வருங்காலப் பேரரசரின் மனைவி, வம்சத்தின் இளம் பெண்கள் எல்லோருக்கும் பின்னால் நடந்து வர வேண்டும். அரச வண்டியில் கணவர் பக்கத்தில் உட்கார முடியாது. நாடக அரங்கின் அரச மாடத்திலும் இடமில்லை. வியன்னாவில் உள்ள கப்பூச்சின் தேவாலய நிலவறையில்தான் ஹாப்ஸ்பர்க் வம்சத்தார் அடக்கம் செய்யப்படுவார்கள். அங்கேயும் சோஃபிக்கு அனுமதி கிடையாது. மனைவிக்கு இடமில்லாத இடம் தனக்கும் வேண்டாம் என்று முடிவு செய்த ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட், ஆர்ட்ஸ்டெட்டனில் சொந்தமாக நிலவறை கட்டிக்கொண்டார். 1908இல் இறந்தே பிறந்த அவர்களுடைய ஆண் குழந்தையும் இங்கேதான் இருக்கிறது.

வியன்னாவுக்கு வெளியே கெடுபிடி குறைவு. 1914 ஜூனில் போஸ்னியாவில் ராணுவப் பயிற்சியைப் பார்வையிடச் சென்ற கணவருடன் சோஃபியும் போனார். சரயேவோ நகரில் திறந்த காரில் கணவருக்கு அருகிலேயே அமர்ந்தார். அன்று ஜூன் 28. சத்தியம் செய்து சரியாகப் பதினான்கு ஆண்டுகள். காவ்ரிலோ பிரின்சிப் என்ற இளைஞன் சுட்டதில் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளுக்காகவாவது உயிரோடு இரு என்று கணவர் மனைவியிடம் மன்றாடியதாகக் காரில் உடனிருந்த அதிகாரி பின்னர் சொன்னார். அடுத்த சில வாரங்களில் உலகப் போர் மூண்டது.

சாவும் வரிசையை மாற்றவில்லை. ஹோஃப்பர்க் சிற்றாலயத்தில் சோஃபியின் சவப்பெட்டி கணவருடையதைவிடத் தாழ்வாக வைக்கப்பட்டது. அதன் மேல் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, ஒரு கறுப்பு விசிறி. தோழிப் பெண்ணின் அடையாளங்கள். அன்றிரவே உடல்கள் ரயிலில் பெஷ்லார்ன் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டன. கொட்டும் மழை, இடி. படகில் டான்யூபைக் கடக்கையில் இடிச் சத்தத்துக்குக் குதிரைகள் மிரள, சவ வண்டி ஆற்றில் விழாமல் தப்பியது. ஜூலை 4 அன்று ஆர்ட்ஸ்டெட்டனில் அடக்கம்.

மகள் சோஃபிக்கு அப்போது 12 வயது. மாக்ஸ் 11, எர்ன்ஸ்ட் 10. பெரியப்பா முறையான இளவரசர் யரோஸ்லாவ் துன், அதாவது தாயின் சகோதரியுடைய கணவர், அவர்களை வளர்த்தார். 1918இல் பேரரசு சிதறியது. புதிய செக்கோஸ்லோவாக்கியா, ஹாப்ஸ்பர்க் சொத்து என்று சொல்லி, குடும்பம் வாழ்ந்த கோனோபிஷ்டே கோட்டையைப் பறிமுதல் செய்தது. பிள்ளைகள் 1919இல் வெளியேற்றப்பட்டார்கள். மகுடம் என்றால் இவர்கள் ஹாப்ஸ்பர்க் அல்ல. பறிமுதல் என்றால் ஹாப்ஸ்பர்க். பின்னாளில் கோட்டையைத் திரும்பக் கேட்டு வாரிசு ஒருவர் செக் நீதிமன்றங்களில் நடத்திய வழக்கும் வெற்றி பெறவில்லை. ஆர்ட்ஸ்டெட்டன் கையில் நின்றது.

அதுவும் சில காலம்தான். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், அதை எதிர்த்த சகோதரர்கள் இருவரும் டாஹாவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பட்டத்து வாரிசின் மகன்களுக்கு அங்கே கழிவறை சுத்தம் செய்யும் வேலை. மாக்ஸ் சில மாதங்களில் விடுதலையானார். எர்ன்ஸ்ட் வெளியே வர 1943 ஆனது. மாளிகையையும் நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். போருக்குப் பின் திரும்பக் கிடைத்தது. அந்த நாட்களில் மாக்ஸ் ஆர்ட்ஸ்டெட்டனின் மேயராகவும் இருந்தார். மகள் சோஃபி தன் இரு மகன்களைப் போரிலும் சோவியத் சிறைமுகாமிலும் பறிகொடுத்து, 1990வரை வாழ்ந்தார்.

1982 முதல் மாளிகையில் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் அருங்காட்சியகம் நடக்கிறது. கீழே நிலவறையில், திருமணத்தால் இணைந்தவர்களை ஒரே விதியும் இணைத்தது என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம். 1954இல் இறந்த எர்ன்ஸ்டும் 1962இல் இறந்த மாக்ஸும் பெற்றோருக்கு அருகிலேயே இருக்கிறார்கள். யார் முன்னே, யார் பின்னே என்று இங்கே எவரும் வரிசை பார்ப்பதில்லை.