லால்பாக்கில் ஒரு செஞ்சிக்காரன்

அமாவாசை இரவுகளில், செஞ்சிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மேல்மலையனூரில் தமிழுக்குச் சமமாகக் கன்னடமும் காதில் விழும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்காகப் பெங்களூரிலிருந்து சிறப்புப் பேருந்துகள் வருகின்றன. விடிந்ததும் அதே பேருந்துகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் ஏறிப் போவார்கள். என் தங்கை குடும்பமும் அப்படிப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் லால்பாக்கில் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

240 ஏக்கர் தோட்டம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கியது. சீராவில் இருந்த முகலாயத் தோட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இதைப் போட்டதாகச் சொல்வார்கள். மகன் திப்பு அதைப் பெரிதாக்கினார். தூர தேசங்களிலிருந்து விதையும் நாற்றும் வரவழைத்தார். இதே ஹைதரின் படைதான் 1780-இல் ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்தியது. செஞ்சிக் கோட்டையையும் பிடித்தது. எங்கள் வயல்களை மிதித்த படையின் தலைவன், தன் ஊரில் ரோஜாவுக்குப் பாத்தி கட்டச் சொன்னவன். அந்த நிழலில் நடக்கும்போது இரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன். ஒன்றுக்காக மற்றொன்றை மறக்க மனம் வரவில்லை.

தோட்டத்துக்குள் ஒரு பாறை இருக்கிறது. சுமார் 300 கோடி ஆண்டு பழமையானது என்கிறார்கள்; தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அதன் உச்சியில் கெம்பேகவுடா கோபுரம். பழைய பெங்களூரின் நான்கு எல்லைகளில் நிறுத்திய கோபுரங்களில் ஒன்று. தங்கை மகன் முதன்முதலாக அதில் ஏறியபோது, “மாமா, நம்ம ராஜகிரியில இது கால்வாசிகூட இல்லையே” என்றான். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனாலும் எனக்கு அந்தப் பாறைமேல் தனிப் பிரியம். காலைவெயிலில் அது சூடேறும் விதமும் மழைநீர் தேங்கிய குழிகளும் செஞ்சி மலைகளையே நினைவூட்டுகின்றன. கற்பாறைகளுக்கு நடுவே பிறந்தவனுக்கு வெறும் புல்வெளி போதாது.

1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அக்காலத்தில் பொறுப்பில் இருந்த ஜான் கேமரூன், அவருக்குப் பின் 1908-இல் வந்த ஜெர்மானியர் குரும்பிகல் ஆகிய இருவருக்கும் அந்த நகரம் நிறையக் கடன்பட்டிருக்கிறது. ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கத் தொடங்க வேண்டும், ஆண்டு முழுக்கத் தெருவில் பூ இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மரம் வைத்தவர் குரும்பிகல்.

லால்பாக்கின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்கு பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. குழி தோண்டியது யார்? நாற்று நட்டது யார்? கோடையில் தண்ணீர் இறைத்தது யார்?

திகளர்கள். தமிழ் நாட்டிலிருந்து போய்ப் பெங்களூரில் வேரூன்றிய தோட்டக்காரச் சமூகம். கன்னடம் கலந்த தமிழை வீட்டில் பேசியவர்கள். லால்பாக்கைப் பராமரித்த கைகளில் அவர்களுடைய கைகள் முக்கியமானவை. பெங்களூர் ஏரிகளை ஒட்டிப் பூவும் கீரையும் காயும் விளைவித்து நகரத்துக்குக் கொடுத்தவர்களும் அவர்களே. தங்களை அக்னி குலத்தார் என்று சொல்லிக்கொள்வார்கள். குலதெய்வம் திரௌபதி.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் திரௌபதி எங்கள் மண்ணின் தெய்வம். சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். கடைசியில் மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம், மாலையில் தீமிதி. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதி 1988-இல் வெளியிட்ட நூலில், அந்த வழிபாட்டின் மையமாகச் செஞ்சி வட்டாரத்தைத்தான் காட்டினார். செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி கோயிலுக்கு அதில் பெரிய இடம் உண்டு.

திகளர்கள் செஞ்சியிலிருந்துதான் போனார்கள் என்று சொந்தம் கொண்டாட வரவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தை வளர்த்தவர்களும் எங்கள் ஊர்ச் சனங்களும் ஒரே தாயைக் கும்பிடுகிறார்கள். அது சின்ன விஷயம் அல்ல.

பெங்களூரில் அவர்கள் கொண்டாடும் விழா கரகம். திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து சித்திரைப் பௌர்ணமி இரவில் புறப்படும். பூசாரி சேலையும் வளையலும் பூண்டு, மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் சுமந்து நடப்பார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போகும். அந்தச் சடங்குகளோடு பிணைந்த சம்பங்கி ஏரியின் இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. கரகத்துக்காக ஒரு சிறு குளம் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஏரி போனது, ஏரிக்கரைத் தோட்டங்களும் போயின. லால்பாக் பிழைத்தது. அரசன் போட்ட தோட்டத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, குடியானவன் போட்ட தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை. லால்பாக்கைப் போற்றும் நகரம் இதற்கும் சேர்த்து வருந்த வேண்டும் என்பதே என் எண்ணம்.

பெங்களூரில் பிள்ளைகளை வைத்திருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்களே, அடுத்த முறை போகும்போது லால்பாக்கில் கண்ணாடி மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். களை எடுத்துக்கொண்டிருக்கும் தோட்டக்காரரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். முடிந்தால் சித்திரைப் பௌர்ணமியன்று திகளர்பேட்டைக்கும் போய்வாருங்கள்.