வேலியோரத்து வலசை (ஏரிக்கரைப் பயணம் – 4)

சென்ற வாரம் பயணத்தைப் பழவேற்காட்டுப் படகுத்துறையில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் எளாவூர். சென்னை–கூடூர் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம். பழவேற்காடு ஏரி இங்கிருந்து கிழக்கே. பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பூநாரையைத் தேடி நேரே ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள். பூநாரை அழகுதான். ஆனால் நான் தங்கிய வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம், முருங்கை, சுற்றிலும் கிளுவை வேலி. கார்த்திகை மழை விட்ட காலைகளில் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

வேலியின் உச்சிக் குச்சியில் பழுப்புக் கீச்சான். கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, கொக்கிபோல் வளைந்த அலகு. சைபீரியா, மங்கோலியாப் பக்கம் குஞ்சு பொரிக்கும் இனம். இங்கே வந்ததும் ஒரு மூலையைத் தனதாக்கிக்கொண்டு, கரகரவென்று கத்தி மற்ற கீச்சான்களை விரட்டுகிறது. கால் வளையமிட்டு ஆராய்ந்தவர்கள், இது குளிர்காலத்தில் பழைய இடத்துக்கே திரும்பி வருவதைக் கண்டிருக்கிறார்கள். முருங்கைக்குள் 'டக், டக்' என்று ஓயாத சத்தம்: பிளைத் நாணல் கதிர்க்குருவி. பின்லாந்து வரைக்கும் கூடு கட்டுகிற சின்னக் குருவி.

எனக்கு மிகவும் பிடித்தது மாமரத்தடியில் இருந்தது. ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, இறக்கையில் நீல மினுக்கம், அடிவயிற்றில் ரத்தச் சிவப்பு, இருக்கிறதா என்று கேட்கும்படி ஒரு வால். இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் பிறந்தது, இங்கே சருகை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது.

குளிர்நாடுகளில் தோட்டத்துப் பறவைகளுக்கு மக்கள் சூரியகாந்தி விதை தொங்கவிடுகிறார்கள். பனியில் அங்கே தங்குபவற்றில் கொட்டை, விதை தின்று தாக்குப்பிடிப்பவை அதிகம். பூச்சி தின்னிகளில் பலவற்றுக்கு அங்கே பிழைப்பில்லை. நம் வேலிகளுக்கு வரும் இவையும் பூச்சி தின்னிகள்தான். ஆரணியாறும் காளங்கியும் ஏரியில் நன்னீர் சேர்க்கும் அதே மழைநாட்களில்தான் நம் வேலிகளில் பூச்சி பெருகுகிறது. ஆகவே இவற்றுக்கு நாம் தானியம் தூவ வேண்டியதில்லை. சருகும் வேலியும் இருந்தால் போதும்.

அந்த வீட்டு ஆயா துடைப்பத்தோடு வந்தார். "குப்பைய வுட்டு வெச்சா பாம்பு வரும்பா." அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வாசலையும் நடைபாதையையும் பெருக்கிவிட்டு, மாமரத்தடியை மட்டும் விட்டுவைக்கலாமே ஆயா என்றேன். குருவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், வாசல் பக்கம் போய்ப் பெருக்க ஆரம்பித்தார். கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலியும் காம்பவுண்ட் சுவரும் எழுப்புகிறவர்களிடம் இப்படிப் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால்மணி நேரம் பார்த்ததை இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும், வீட்டுக் கொல்லையிலிருந்தேகூட. இந்தப் பொங்கலுக்கு நீங்களும் எண்ணுங்கள். மரத்தடிச் சருகைப் போகி நெருப்பில் போடாதீர்கள்.