கூண்டின் காணாத பக்கம்

மோட்டார் பந்தயத்தைப் பற்றி நான் எழுதுவேன் என்று என்னை அறிந்தவர்கள் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி அறையில் இருந்த எனக்கும் அந்தத் துறைக்கும் இருந்த உறவு மிகவும் சிறியது. 1934 ஆம் ஆண்டு தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தின் முடிவுகளை, ஏப்ரல் மாதத்தில் இடம் மிஞ்சினால் நான்கு வரியில் போடுவேன். அவ்வளவுதான்.

அந்த உறவை மாற்றியவன் என் அக்காவின் மகன். ஒரு பழைய ஃபோர்ட் லேசர் காரை வாங்கி வந்து, வத்தளையில் உள்ள வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ஆசனங்களையும் கம்பளத்தையும் கதவுகளின் உட்தகடுகளையும் கழற்றி எறிந்தான். ஞாயிறு தவிர்ந்த நாட்களில் வேலை முடிந்ததும் பஞ்சிகாவத்தைக்குப் போய் உதிரிப்பாகம் தேடுவான். இயந்திரத்துக்குத் தன் சேமிப்பைக் கொட்டினான். பாதுகாப்புக் கூண்டுக்குப் பணம் போதவில்லை.

“அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் மாமா” என்று என்னிடம் வந்தான். கொடுத்தேன். சொல்லவும் இல்லை.

கூண்டு என்பது வேறொன்றுமில்லை. கார் உருண்டால் கூரை நசுங்கி ஓட்டுபவரின் தலைமீது இறங்காதபடி, உள்ளே உருக்குக் குழாய்களால் கட்டும் ஒரு கூடு. ஆசனத்துக்குப் பின்னால் முதன்மை வளைவு, முன்கண்ணாடியை ஒட்டி முன்வளைவு, பின்னோக்கிச் சாயும் தாங்கிகள், குறுக்கே ஒரு மூலைவிட்டம். மூலைவிட்டம் இல்லாத சதுரம் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. பள்ளிக்கூடத்தில் படித்த கேத்திரகணிதம் உயிரைக் காக்கும் இடம் இது.

மூன்று வாரத்தில் கூண்டு தயாரானது. வீட்டுக்கு அருகே கேற் அடிக்கும் பட்டறை ஒன்றில் செய்வித்திருந்தான். கறுப்பு நிறம் பூசி, பார்ப்பதற்கு அழகாக இருந்தது.

தொழில் தந்த பழக்கம், எதற்கும் மூல ஆவணத்தைத் தேடிப் படிப்பேன். சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் விதிகளில், பின்னிணைப்பு ஜே, 253 ஆவது பிரிவைப் படித்தேன். முதன்மை வளைவுக்குத் தையலற்ற உருக்குக் குழாய் வேண்டும். 45 மில்லிமீற்றர் விட்டமாயின் சுவரின் தடிப்பு 2.5 மில்லிமீற்றர், 50 ஆயின் 2. சூடாக்காமலே வளைக்க வேண்டும். வளைவின் ஆரை குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. கால்கள் ஊன்றும் இடத்தில் 3 மில்லிமீற்றர் தடிப்பில், 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் தகடு இருக்க வேண்டும். இல்லையேல் கால் தரையைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும்.

மாலையில் கைவிளக்கோடு காருக்குள் குனிந்து பார்த்தேன். குழாய், வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் நாகம் பூசிய குழாய். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைத்திருந்தார்கள். வளைவின் உட்பக்கத்தில் முதியவரின் கழுத்துப்போலச் சுருக்கங்கள். கால்கள் வெறும் தரைத் தகட்டில் ஒட்டப்பட்டிருந்தன. அந்தத் தகட்டிலோ துரு.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் நான் வாய் திறக்கவில்லை. பணம் என்னுடையது, அவனுடைய மகிழ்ச்சியைக் கெடுப்பானேன், எல்லாக் காருமா உருளுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பத்திரிகையில் பிழை விட்டால் மறுநாள் ‘வருந்துகிறோம்’ என்று பெட்டி கட்டிப் போடலாம். கூண்டுக்கு மறுநாள் பதிப்பு இல்லை என்பது ஓர் இரவு தூக்கம் வராதபோதுதான் உறைத்தது.

காலையில் சொன்னேன். “உதெல்லாம் வெளிநாட்டுக்காரருக்கு மாமா. இஞ்ச ஆர் பார்க்கினம்?” என்றான்.

நான் விவாதிக்கவில்லை. தெமட்டகொடையில் எனக்குத் தெரிந்த வயதான வெல்டிங் பாஸ் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் குழாயைச் சுண்டிப் பார்த்தார். சுருக்கத்தை விரலால் தடவினார். பிறகு சிங்களத்தில், “மாத்தையா, இது தண்ணீர் போகிற குழாய். உயிர் போகிற இடத்தில் ஏன் வைத்தீர்கள்?” என்று கேட்டார். அன்றே வெட்டி எடுத்தோம். மருமகன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது கூண்டு நான்கு மாதம் எடுத்தது. குழாய் தேடுவதற்கே ஒன்றரை மாதம். பாஸ் ஒவ்வொரு குழாயின் முனையையும் மீன்வாய்போல அராவி, மற்றக் குழாயின் உருண்டையில் இடைவெளி இன்றிப் பொருந்தச் செய்தார். இடைவெளியை உலோகத்தால் நிரப்புவது சோம்பேறியின் வேலை என்பார். முதலில் எல்லா மூட்டுகளையும் புள்ளியாக ஒட்டி, அளவு பார்த்த பின்பே முழுமையாக ஒட்டினார். ஒரு பக்கத்தை முதலில் முடித்தால் சூட்டில் மறுபக்கம் இழுபட்டுவிடுமாம்.

எனக்கு அதிகம் பிடித்தது இனிச் சொல்லப்போவது. கூண்டின் மேல் மூட்டுகள் கூரையை ஒட்டி இருக்கும். மேற்பக்கத்தில் கை போகாது, கண்ணும் போகாது. பலர் கீழ்ப்பாதியை மட்டும் ஒட்டிவிட்டு நிறம் பூசிவிடுவார்கள். பாஸ், கால்களுக்கு அடியில் வரவேண்டிய உருக்குப் பெட்டிகளை வைக்கும் முன், கூண்டு முழுவதையும் கீழே இறக்கி, கூரைக்கும் குழாய்க்கும் இடையே கிடைத்த அந்த இடைவெளியில் கையை நுழைத்து, மூட்டைச் சுற்றி முழு வட்டமாக ஒட்டினார். பிறகு கூண்டைத் தூக்கிப் பெட்டிகளை வைத்தார். அந்த ஒட்டை இனி எவரும் பார்க்கப் போவதில்லை. அவர் பார்த்தார், போதும்.

வேலை முடிந்த அன்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காரைச் சுற்றி வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். “உள்ளுக்கு இருக்கிறவனுக்குக் கூண்டு செய்திட்டியள். வெளியில நிக்கிற பிள்ளையளுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

இருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அவர் எதை நினைத்தார் என்று எங்களுக்குத் தெரியும். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களுள் 8 வயதுச் சிறுமியும் ஒருத்தி. கூண்டு ஒருவரைக் காக்கும். மற்றவர்களைக் காப்பது தடுப்புவேலியும் தூரமும் கொடி பிடித்து நிற்பவரின் கண்ணும்தான்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டார். பந்தயத்தில் ஓட்டுவதற்கு முன் ஒரு பருவம் முழுவதும் பாதையோரத்தில் கொடி பிடிக்கும் தொண்டனாக அவன் நிற்க வேண்டும். சாதாரண வீதியில் அந்தக் காரை ஓட்டவும் கூடாது. தலைக்கவசம் இல்லாத தலைக்கு அருகில் அந்த உருக்குக் குழாயே எதிரி என்பதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மருமகன் முணுமுணுத்தான், பிறகு சம்மதித்தான்.

கார் இன்னும் முற்றத்தில் நிற்கிறது. மழைநாட்களில் அக்காவே அதன்மேல் படங்கை இழுத்து மூடுகிறார். கூண்டின் உறுதியை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒருபோதும் சோதிக்க நேராமல் போக வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.