சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர்

பைத்தியம் என்று தோட்டத்தார் ஒருவனுக்குப் பெயர் சூட்டிவிட்டால், அது சுடுகாடு வரை கூடவே போகும். எமது தோட்டத்துக் கடைசி லயத்தில் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் உளர். முகம் பார்த்துப் பேசார். இரைச்சல் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஆயினும் போன வருஷம் எந்த நிரையில் எத்தனை கிலோ பால் இறங்கியது என்று கேளுங்கள். கிராணியாகிய நாம் புத்தகத்தைத் திறக்குமுன் விடை வந்துவிடும். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் கிடையாது. அவர் தாயார் மந்திரவாதிகளுக்குக் கொடுத்த கோழிகளுக்குக் கணக்கில்லை.

இதற்கு ஆட்டிசம் என்று பெயர். பேய் பிடித்ததன்று, மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் முதல்வர் டொனால்டு டிரிப்லெட். மூன்று வயதில் விடுதியொன்றில் விடப்பட்ட அவரைப் பெற்றோர் மீட்டு வந்தனர். மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் வங்கி ஊழியராயிருந்து, கார் ஓட்டி, தேசங்கள் பல சுற்றி, 2023-இல் தமது 89-ஆம் வயதில் காலமானார். அவ்வங்கியில் அவர் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. எமது லயத்தில் யாருக்கு வங்கி இருக்கிறது?

ஆகவே சர்க்காரைத்தான் நாட வேண்டும். மலேசியாவில் சமூக நல இலாகா வழங்கும் ஓ.கே.யூ. அட்டையில் ஆட்டிசம் கற்றல் குறைபாட்டு வகையில் சேரும்; மனநோய் வேறு வகை. மனச்சோர்வும் பதற்றமும் மேலிட்டவர்களுக்குச் சுகாதார அமைச்சின் மெந்தாரி நிலையங்கள் உண்டு. வேலை தேடிக் கொடுத்து, உடனிருந்து பழக்குவதும் அவற்றின் பணியே. தாயாரோடு நாம் பட்டணத்துக்குப் போனோம். ஒரு மேசையில், "ஆட்டிசம் குழந்தைகளுக்கல்லவா?" என்றார்கள். அடுத்த மேசையில், "இது மனநோயன்று, அங்கே போங்கள்" என்றார்கள். வளர்ந்த மனிதர் இரு மேசைகளுக்கும் நடுவே நின்றார்.

தாயாருக்கு வேலை ஓய்வு நெருங்குகிறது. வேலை போனால் லயத்து வீடும் போகும். "எனக்கப்புறம் இவனுக்கு யாருங்க, ஐயா?" என்று அவர் கேட்டதற்கு எம்மிடம் பதிலில்லை.

மூன்றாம் முறை போனபோது தாதி ஒருவர் பொறுமையாய்க் கேட்டுக் குறித்துக்கொண்டார். கூட்டம் சேருமுன் காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக அவரைப் பார்க்கும்படி வேண்டினோம், இசைந்தார். வரும் செவ்வாய்க்கிழமை போகிறோம். எந்தப் பஸ், எத்தனை நிறுத்தம், எந்த நாற்காலி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதை அவர் மனப்பாடம் செய்துவிட்டார்.